நேர்கோட்டில் ஒரு பள்ளிக்கூடம்

ஒக்டோபர் மாதத்தில் லண்டனில் எந்தத் தமிழ் வீட்டுப் பிறந்தநாளுக்கும் போகாதீர்கள். போனால் போன சனிக்கிழமை எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். பாதி மட்டன் ரோல் வாயில் இருக்கும்போது ஒரு அக்கா பக்கத்துக் கதிரையில் வந்து இருப்பார்.

"தம்பி, மகளுக்குக் கிராமர் ரிசல்ட் வந்திட்டுதோ?"

வந்துவிட்டது. தேறியிருக்கிறாள். ஆனால் தேறியதை வைத்து இடம் கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம் என அந்தக் கடிதமே எச்சரிக்கிறது. அதையும் சொன்னேன்.

"அப்ப படிவத்தில கடைசியா எதைப் போட்டு வைச்சிருக்கிறியள்?"

வீட்டுக்குக் கிட்ட இருக்கும் சாதாரணப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அக்கா ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "ஏன் தம்பி, பிள்ளையில நம்பிக்கை இல்லையோ?" என்றார்.

இன்னும் எரிகிறது. அந்த அக்காவும் ஒன்று போட்டிருப்பார். எல்லோரும் போடுகிறார்கள், வாய்திறப்பதில்லை, அவ்வளவுதான். நாலாம் வகுப்பிலிருந்து வெள்ளி பின்னேரமும் ஞாயிறு காலையும் டியூஷனுக்குக் கொண்டுபோய் இறக்கிய பிள்ளையைப் பற்றி, "சும்மா எழுதிப் பாக்கட்டும் எண்டு விட்டனாங்கள்" என்று கண் சிமிட்டாமல் சொல்கிற சனம் நாங்கள். ஊரில் புலமைப்பரிசில் பரீட்சையில் பட்ட காயத்தை விமானத்தில் கூடவே ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் வேறு எப்படி இருப்போம்!

பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் இந்தக் கிராமர் பள்ளிகள் இங்கிலாந்து முழுவதிலும் 163தான் உண்டு. புதிதாக ஒன்று திறக்கக் கூடாது என்று 1998இல் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். பார்னெட்டில் இருக்கும் குயீன் எலிசபெத்ஸ் பள்ளியில் இருநூறுக்கும் குறைந்த இடங்களுக்கு ஆயிரக்கணக்கான பொடியன்கள் போய்ப் பரீட்சை எழுதுகிறார்கள். ஆக, எங்கள் பிள்ளைகளில் மிகப் பலர் படிக்கப்போவது நாங்கள் பெயர் சொல்லக் கூசுகிற அந்த மற்றப் பள்ளிக்கூடத்தில்தான். அதை எப்படித் தெரிவு செய்வது என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் தூரம். சாதாரணப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் தூரத்தைத்தான் பார்க்கின்றன. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அங்கே படிக்காவிட்டால், எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை கவுன்சிலின் கணினி ஒரு நேர்கோடு கிழிக்கும். நடந்து போகும் தூரம் இல்லை, நேர்கோடு. எங்கள் நேர்கோட்டில் ஒரு ரயில் பாதை இருக்கிறது. அதைத் தாண்டினால் சுடலை. சுடலைக்கு அப்பால் கோல்ஃப் மைதானம். இந்த வழியில் பள்ளிக்கூடம் போகக்கூடிய ஒரே சீவன் காகம்தான்.

காகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். புரட்டாதிச் சனி எங்கள் வீட்டில் தவறுவதில்லை. இந்த வருடமும் மனைவி எள்ளுச் சோறு வைத்துவிட்டுத் தோட்டத்தில் நின்று "கா, கா" என்று கூப்பிட்டார். முதலில் எட்டிப் பார்த்தது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர். அடுத்து அணில். கடைசியில் ஒரு காகம் இறங்கி, வேண்டா வெறுப்பாக நாலு வாய் கொத்திவிட்டு, ரயில் பாதைக்கு மேலால் நேரே அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் பறந்து போனது. வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றேன். காலை மணி அடிக்க முன்னமே அது வகுப்பில் இருக்கும். என் மகள் பாலத்தைச் சுற்றி இரண்டு பஸ் ஏற வேண்டும்.

சரி, அந்தக் காகமே விண்ணப்பிக்கிறது என்று வையுங்கள். கவுன்சில் வரி பில் கேட்பார்கள். எந்தக் கிளையில் நிரந்தர வாசம், ஒக்டோபருக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த கூடா என்று விசாரிப்பார்கள். அதே மரத்தில் இன்னொரு காகமும் விண்ணப்பித்து, தூரம் அச்சொட்டாக ஒன்றாக வந்தால் குலுக்கல். அந்தக் குலுக்கலையும் பள்ளிக்கூடத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே இருக்கிறது. இவ்வளவும் நடந்து கடைசி இடம் காகத்துக்குப் போகும். போன வருடம் கடைசி இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எங்கள் வீட்டைவிட நாற்பது மீற்றர் கிட்ட. நாற்பது மீற்றர்! எங்கள் ஒழுங்கையில் கார் நிறுத்த இடம் தேடி நான் அலைவது அதைவிடக் கூட. வீடு வாங்கும்போது சமையலறையைப் பார்த்தோம், ஈசான மூலையைப் பார்த்தோம், சாமியறை எந்தப் பக்கம் என்று பார்த்தோம். காகத்தைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சமயப் பள்ளிகளும் உண்டு. அவற்றில் பலவற்றுக்குப் பாதிரியாரின் கையெழுத்து வேண்டும். பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் சிலருக்குப் பக்தி எப்படிப் பொங்குகிறது என்பது தனிக் கட்டுரை.

பின்னேரத்தில் பள்ளிக்கூடத்தைத் திறந்து காட்டுவார்கள், போகத்தான் வேண்டும். விஞ்ஞான கூடத்தில் பச்சை நெருப்பு எரித்துக் காட்டினார்கள். ரை கட்டி வந்த அப்பாமார் கணிதப் பெறுபேறு கேட்டார்கள். நான் பெண்பிள்ளைகளின் கழிவறைக் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா என்று மனைவியை விட்டுப் பார்த்தேன். மூன்றில் ஒன்றுக்கு இல்லை. அதிபரின் பேச்சில் இந்த விபரம் வரவில்லை.

பிறகு வாட்ஸப் ஞானிகள். "கிராமரை மேல போட்டால் கீழ போட்ட பள்ளிக்கூடம் கோவிச்சுக் கொண்டு இடம் தராது" என்று ஒரு அண்ணை குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். அண்ணை, எதை எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்று பள்ளிக்கூடங்களுக்குக் காட்டுவதே இல்லை. இடம் கிடைக்கக்கூடியவற்றில் நீங்கள் ஆக மேலே எழுதியது எதுவோ அதைத்தான் கவுன்சில் தரும். இதைத் திருப்பி எழுதி அனுப்பினேன். கும்பிடும் கை ஒன்று பதிலாக வந்தது. அதே குரல்பதிவு மறுநாள் இன்னொரு குழுவில் வந்தது.

தெரிவு செய்யும் முறையைச் சொல்ல வந்தவன் காகத்தோடு போய்விட்டேன். இடம் முடிந்துவிட்டது, ஆகவே இதை மட்டும் கேளுங்கள். லண்டன் படிவத்தில் ஆறு கோடுகள் உண்டு. ஆறையும் கிராமருக்கே கொடுத்துவிட்டு ஒன்றும் கிடைக்காவிட்டால், மார்ச் 1ஆம் திகதி எங்கே வெற்றிடம் மிஞ்சியிருக்கிறதோ அங்கே அனுப்புவார்கள், அது எவ்வளவு தூரமானாலும். ஒரு கோட்டிலாவது பிள்ளைக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடிய பள்ளிக்கூடத்தை எழுதுங்கள். கடைசித் திகதி ஒக்டோபர் 31. அதற்கு முன் எந்தப் பிறந்தநாளுக்கும் போகாதீர்கள்.