மணி அடிக்காத போனுக்கு விலை

உடப்புக் கரையில் வலை ஏறினால் சூடை மீனின் விலையை வாங்க வந்த வியாபாரிதான் சொல்வார். அதற்கு ஆணைக்குழு எதுவும் கிடையாது. வீட்டுப் போனுக்கோ 1996 முதல் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. கட்டணத்தைக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு விட்டுவிடலாமா என்று யாராவது கேட்டால், "எந்தப் போன்?" என்று எங்கள் மாமி திருப்பிக் கேட்பா.

ஒரு காலத்தில் இணைப்புக்கு மனுப்போட்டு வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். வந்த நாளில் போனுக்குப் பின்னல் துணி போர்த்தி, சாமிப்படத்துக்குக் கீழே வைத்தோம். அப்போது ஒரே கடைதான். கட்டுப்பாடு தேவைப்பட்டது, நியாயம். அதே 1996 இல் சன்டெல், லங்கா பெல் என்ற புதிய போன் கம்பெனிகளுக்கும் அனுமதி கொடுத்தார்கள். 1997 இல் அந்தப் பழைய கடையான ஸ்ரீலங்கா டெலிகொம்மின் 35 சதவீதம் ஜப்பானின் என்.டி.டி.க்குப் போனது. பிறகு கைபேசி வந்து எல்லோரையும் விழுங்கியது. கம்பெனிகள் விலையைப் போட்டிபோட்டு இறக்க, 2010 இல் ஆணைக்குழு, "இதற்குக் கீழே இறக்காதே" என்று கைபேசிக்கு ஒரு தளவிலை வைத்தது. சனத்தைக் காக்க வந்தவர்கள் மலிவிலிருந்து காத்தார்கள்!

ஆகவே வீட்டுப் போனின் அழைப்புக் கட்டணத்தைத் தாராளமாக அவிழ்த்துவிடுங்கள். மாதவாடகையை மட்டும் விடாதீர்கள். உப்புக்காற்றில் கம்பி பச்சை பிடித்து, 032 இல் தொடங்கும் எங்கள் இலக்கம் ஊமையாகக் கிடக்கிறது. பில் மட்டும் தவறாமல் வருகிறது.