காட்டு வேலைக்குப் போகத் துடிப்பவர்களுக்கு ஏழு அறிவுரைகள்

டிவியில் சிறுத்தை மானைத் துரத்துவதைப் பார்த்துவிட்டு, 'வாழ்ந்தால் காட்டில்தான்' என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். கீழ்க்கண்டவற்றை வரிசை மாறாமல் கடைப்பிடிக்கவும்.

ஒன்று: வீட்டில் சொல்லுங்கள். காட்டுயிர் உயிரியல் என்றதும் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். சித்தப்பா, "வண்டலூர் ஜூவுலயாப்பா வேலை?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். பஸ் வசதியாவது இருக்கிறதே என்று அம்மா சமாதானமாவார்.

இரண்டு: படியுங்கள். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் உண்டு. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி உண்டு. இன்னும் மேலே போக டேராடூன். ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) அதிகாரியாகவே ஆவேன் என்றால் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் போதாது. 4 மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். மற்ற தேர்வுகளில் மூளை மட்டும்தான் தேயும். இதில் செருப்பும் தேயும்.

மூன்று: புலியைப் பார்க்கும் ஆசையை விடுங்கள். எச்சம், கால்தடம், மரத்தில் நகக்கீறல், இவ்வளவுதான் உங்களுக்கு. புலியின் இடப்பக்க வரிகள் வேறு, வலப்பக்க வரிகள் வேறு என்பதால் தானியங்கிக் கேமராவைப் பாதையின் இருபக்கமும் முழங்கால் உயரத்தில் கட்டுவீர்கள். சில வாரம் கழித்து கார்டைப் போட்டுப் பார்த்தால்: கேமராவைக் கட்டும் நீங்கள், காற்றில் ஆடும் புல், பட்டி மாடு, மறுபடி புல், மிக அருகில் ஒரு தும்பிக்கை. அதற்குப் பிறகு படமே இருக்காது.

நான்கு: லத்தி. யானைக் கணக்கெடுப்பில் யானையை எண்ண ஒரு நாள், லத்தியை எண்ண ஒரு நாள். நேர்கோட்டில் நடந்து, ஒவ்வொரு குவியலும் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளக்க வேண்டும். வரன் பார்க்க வந்தவர்கள் என்ன வேலை என்று கேட்டால், "புள்ளிவிவரம்" என்று சொல்லவும்.

ஐந்து: மரம் நடும் கனவா? முதுமலையில் பிடுங்கத்தான் ஆள் தேவை. உண்ணிச்செடியும் சென்னா என்ற மஞ்சள் பூ மரமும் மண்டிக்கிடக்கும் இடத்தில் மானுக்குப் புல் முளைப்பதில்லை. வெட்டிய சென்னா காகித ஆலைக்குப் போகிறது. அன்னிய மரங்களின் ஆபத்தைப் பற்றிய உங்கள் அறிக்கை அந்தக் காகிதத்திலேயே அச்சானாலும் ஆகலாம்.

ஆறு: தூக்கத்தை மறந்துவிடுங்கள். நள்ளிரவில் போன் வரும்: "சார், உங்க யானை எங்க வாழைத் தோட்டத்துல நிக்குது." அது எப்போது உங்கள் யானையானது என்று கேட்காதீர்கள். விடிந்ததும் போய், முறிந்த வாழைகளை எண்ணி, இழப்பீட்டு மனுவை எழுதிக் கொடுங்கள். யானையைக் காப்பாற்றும் வேலையில் பாதி அந்த மனுவில்தான் இருக்கிறது. பணம் கைக்கு வந்த விவசாயி, வேலியில் கள்ளக் கரண்ட் ஏற்றத் தயங்குவார்.

ஏழு: உங்களுக்கு முன்னால் நடப்பவரைக் கவனியுங்கள். அவர் வேட்டைத் தடுப்புக் காவலர். இருளர், குறும்பர், காடர் என மலைமக்கள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். மூக்கை லேசாகத் தூக்கி, "நில்லுங்க சார்" என்பார். நின்றுவிடுங்கள். மூங்கில் புதருக்குப் பின்னால் யானை இருக்கும். உங்கள் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவருக்கு ஒரு வரி கிடைக்கும், சம்பளமோ தொகுப்பூதியம். நீங்கள் பெரிய அதிகாரியானதும் அவருடைய பணியை நிரந்தரமாக்கும் கோப்பைத் தேடி எடுங்கள். காட்டில் புலியைப் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் கோப்பு நகர்ந்து பார்த்தவர்கள் குறைவு.