உரலடியில் நடந்த கூட்டம்

சாமை லேசில் உமியை விடாது. உரலில் போட்டு இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி தேறுவதற்குள் கொல்லிமலைப் பெண்களுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். 1990களின் கடைசியில், மகளிர் திட்டம் வந்து ஊர் ஊராகச் சுய உதவிக் குழுக்கள் முளைத்த காலத்தில், காரவள்ளியில் பஸ் ஏறி எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் குழு வேலையாக நான் மேலே போனபோது, முக்கியமான பேச்செல்லாம் அந்த உரலடியில்தான் நடந்தது. அங்கே முடிவானதைத் தீர்மான நோட்டு பிறகு எழுதிக்கொள்ளும். உங்கள் ஊரில் அது தண்ணீர்க் குழாயடியாகவோ பீடி சுற்றும் திண்ணையாகவோ இருந்திருக்கும். கை வேலையில் இருக்க, வாய் தானாகத் திறந்துகொள்ளும் இடம்.

தலைமைப் பண்பு பற்றிய பயிற்சிக் கையேட்டைப் பையில் சுமந்து திரிந்த வயது எனக்கு. அதில் இல்லாததை அங்கே ஓர் ஊக்குநர் அக்கா செய்தார். முதல் கடன் யாருக்கு என்று பேச்சு வந்தால், தன் எண்ணத்தைக் கடைசிவரை சொல்லமாட்டார். தூணோரம் உட்கார்ந்திருக்கும் புது மருமகளிடம்தான் முதலில் கேட்பார்: "நீ சொல்லு கண்ணு, உனக்கு எப்படிப் படுது?" அந்தப் பெண் முந்தானை நுனியைச் சுருட்டி, அவிழ்த்து, மறுபடி சுருட்டி ஒரு வார்த்தை சொல்கிறவரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. கூட்டம் கலைந்து நடக்கையில், "இன்னிக்கு யாரு மொகம் சுண்டிப்போச்சு?" என்று கேட்டுக்கொண்டே வருவார், மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் இருப்பார்.

ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி ஏற்றினால் கையில் காசு என்று ஆனதும் சாமைக்காடு சுருங்கியது. குத்துகிற பாடும் அதற்கொரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த முடிச்சைச் சரியாகப் பிடித்து, சிறிய அரவை இயந்திரங்களைக் குழுக்களின் கையிலேயே கொடுத்தது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது எனக்கு அந்தத் தோள்பட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. உலக்கை போனது நல்லதே. அதோடு உரலடிப் பேச்சும் போனதுதான் மனசைப் பிசைகிறது.

இப்போது வாட்ஸ்அப் குழு. கூட்டத் தேதி, வங்கித் தவணை, சாமை விலை எல்லாம் நொடியில் போய்ச் சேர்கின்றன. ஒருத்திக்குச் சேதி சொல்ல ஒற்றையடிப் பாதையில் ஒரு பொழுது நடந்த காலம் திரும்பவே வேண்டாம். ஆனால் வரிசையாக வந்து விழும் கட்டைவிரல்களில் எது சம்மதம், எது சண்டை வேண்டாமே என்று போட்டது என்பது முகம் பார்த்தால்தானே தெரியும்? பதிலே போடாதவர்களை யார் தேடிப் போகிறார்கள்?

மாதக் கூட்டத்தை அரவை நாளோடு சேர்த்து வையுங்கள் என்று பார்க்கிற குழுக்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். மில் வாசலில் முறைக்குக் காத்திருப்பவர்களுக்கு வேறு வேலை கிடையாது. இயந்திரம் நின்றபிறகு கடன் பேச்சை எடுத்தால், மெல்லப் பேசுகிறவர்கள் சொல்வதும் காதில் விழும்.