நேர்மைக்கு ஒரு ஃபிளெக்ஸ்

கேள்வி: ஆண்டு முடிந்தால் பள்ளி வாசலில் ‘ஏ பிளஸ்’ பிள்ளைகளுக்கு ஃபிளெக்ஸ். நேர்மையான பிள்ளைக்கு யார் வைப்பது?
– ஒரு தாய், கிழக்கேகோட்டை

பதில்: வேண்டாம்மா, அப்புறம் ஃபிளெக்ஸுக்காகவே நேர்மையாக இருப்பார்கள்! கேரளப் பள்ளிகள் சிலவற்றில் ‘ஹானஸ்டி ஷாப்’ உண்டு. விற்க ஆள் கிடையாது. பேனாவை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்றுத்தர அங்கே 2010-ல் தொடங்கிய மாணவர் போலீஸ் கேடட் திட்டமும் நல்லதுதான். ஆனாலும் எனக்கு இந்தக் கடைதான் ஒரு படி மேல்: சீருடை இல்லை, சல்யூட் இல்லை, கண்காணிக்கவும் ஆளில்லை. காலையில் அந்தப் பெட்டி கற்றுக்கொடுத்ததை, மாலையில் பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காக மகன் வயதில் இரண்டைக் குறைத்து நாம் அழித்துவிடக் கூடாது. முழு டிக்கெட்டே எடுங்கள். காசை அவன் கையாலேயே கண்டக்டரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.