யானைக்குள்ளும் ஆள், பெட்டிக்குள்ளும் ஆள்

வெள்ளிமலையிலிருந்தோ சின்னசேலத்திலிருந்தோ ஒரு பிள்ளை ஹைஸ்கூல் ரோபோடிக்ஸ் டீமில் சேரப் போகிறது என்று வையுங்கள். "இதுக்கெல்லாம் மார்க் போடுவாங்களா?" என்பார் அப்பா. போட மாட்டார்கள். ஆனால் பிள்ளை சேரப் போவது லேசுப்பட்ட பரம்பரையில் இல்லை. ராஜாக்களையே ஏமாற்றிய பரம்பரை ஐயா அது!

பழைய காவியத்தில் வரும் ராஜா உதயணனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் யாழை எடுத்தால் மதம் பிடித்த யானையும் மண்டி போடும். அந்தப் பெருமை மனுஷனைச் சும்மா விடுமா? உஞ்சை மன்னன் பிரச்சோதனன் இந்த வீக்னஸைக் கச்சிதமாகப் பிடித்தான். ஓர் இயந்திர யானை செய்து, வயிற்றுக்குள் வீரர்களை அடைத்துக் காட்டில் நிறுத்தினான். உதயணன் யாழும் கையுமாக வந்தார். கச்சேரி முடியும் முன்பே அரெஸ்ட்!

பிடித்தவனாவது புத்திசாலியா? கைதியையே தன் மகள் வாசவதத்தைக்கு யாழ் வாத்தியார் ஆக்கினான். வாத்தியார் மாணவியோடு ஓடிப்போனார், இந்தத் தடவை நிஜ யானையில்.

அடுத்து, கண்டுபிடிப்பாளர் கெம்பலன். 1770-ல் வியன்னா அரண்மனையில், மகாராணி மரியா தெரேசா முன்னால், செஸ் ஆடும் பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினார். தலைப்பாகை, மீசை, முன்னால் ஒரு பெட்டி. பெட்டிக் கதவுகளைத் திறந்து பல்சக்கரங்களைக் காட்டுவார். சபை வாயைப் பிளக்கும். சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு செஸ் கில்லாடி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வியர்த்து வழிந்துகொண்டிருப்பார். 1809-ல் நெப்போலியனே இதனோடு உட்கார்ந்து ஆடினார். வேண்டுமென்றே கள்ள ஆட்டம் ஆட, பொம்மை கடுப்பாகிக் காய்களையெல்லாம் தட்டிவிட்டதாம். ஐரோப்பாவே நடுங்கிய ஆளைத் தட்டிக் கேட்டது ஒரு பெட்டிக்குள் மடங்கிக் கிடந்த மனிதர்!

ஸ்கூல் பிள்ளைகள் இந்தக் கதைக்குள் வருவது டீன் கேமன் புண்ணியத்தில். 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கியவர். 1992-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஒரு ஸ்கூல் ஜிம்மில், 28 டீம்களோடு முதல் போட்டி. சவால் என்ன தெரியுமா? தரையெல்லாம் மக்காச்சோளத்தைக் கொட்டி, அதன் மேல் ரோபோவை ஓட்டிப் பந்து பொறுக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் நம்மூர் ரோடுகளில் சோளம் காயும்போது டவுன் பஸ் டிரைவர்கள் தினமும் ஆடுகிற அதே கேம். அவர்களுக்குக் கோப்பை கிடையாது, கண்டக்டர் திட்டு மட்டும்.

கேமன் லேசான ஆசாமி இல்லை. தன் குட்டித் தீவில் காற்றாலை வைக்க அனுமதி கிடைக்கவில்லை என்று, அதைத் தனி நாடு என்றே அறிவித்தார். கொடி உண்டு, கரன்சி உண்டு. எல்லாம் ஜோக்குக்குத்தான். நம் வெள்ளிமலை இருக்கிற கல்வராயன் மலையைக் கேட்டால் சிரிக்கும். அங்கே 1976 வரை ஜாகீர்தார்கள் ஜோக்கே இல்லாமல் ஆண்டார்கள்.

இப்போது நம் பிள்ளைக்கு வருவோம். நிதி ஆயோக் 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில், ரோபோவெல்லாம் செய்து பழகும் லேபுக்காக, தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைத்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை யாரும் நுழையலாம். சாவி யாரிடம் என்று கண்டுபிடிப்பதுதான் பல இடங்களில் முதல் ப்ராஜெக்ட்.

உள்ளே போனதும் ஒரு ரகசியம் தெரியும். ஃபர்ஸ்டின் பெரிய போட்டியில் ரொம்ப வருஷம் நடந்தது இதுதான்: இரண்டரை நிமிஷ ஆட்டத்தில் ரோபோ சொந்தப் புத்தியில் ஓடுவது முதல் 15 விநாடி. அப்புறம் பிள்ளைகள் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொள்வார்கள். யானை வயிற்றிலும் பெட்டியிலும் ஒளிந்திருந்த ஆள் ஒருவழியாக வெளியே வந்து, டீம் டிஷர்ட் போட்டு நிற்கிறார். அவ்வளவுதான் முன்னேற்றம்.

அந்த ஜாய்ஸ்டிக்குக்குத்தான் அடிதடி. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குப் பேட்டரி சார்ஜ் போடும் வேலைதான் கிடைக்கும். ஜெயித்தால் டிரைவர் ஹீரோ. பாதியில் ரோபோ படுத்துவிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது யாரை? சார்ஜ் போட்ட பிள்ளையைத்தான்!