சேறு தின்னுதாம் யப்பான் மீன்!

என்ன மனே, யப்பான் மீன் வேணாமாம்? அது சேத்துல கிடந்து கண்டதையும் தின்னுதாம், உன்ட போன் சொன்னிச்சாம். சரி. நேத்து ராவு நண்டுக் கால உறிஞ்சி உறிஞ்சித் திண்டியே, அந்த நண்டு என்ன, புரியாணியா திண்டு வளந்திச்சி?

நாம யப்பான் மீன் எண்டு சொல்லுற இந்தத் திலாப்பியா ஆபிரிக்காச் சரக்கு. 1952ல நம்மட நாட்டுக்குக் கொண்டுவந்து விட்டாங்க. இங்கினியாகலயில பட்டிப்பளை ஆத்த மறிச்சி, சேனநாயக்க சமுத்திரம் கட்டி முடிச்சதை ஒட்டின காலம். நாட்டு ஆத்து மீனுக்குப் பெருங்குளத்துத் தண்ணி அவ்வளவாப் புடிக்கல்ல. வந்தவன் புடிச்சிக்கிட்டான்.

என்ன திங்கும் எண்டு கேக்கிறியா? பாசி, நீர்ப்பூண்டு, அழுகின சருகு, புழு பூச்சி. வசதி கிடைச்சா அடுத்தவன்ட முட்டையும். படிச்ச ஆக்கள் இஞ்ச 9 குளத்து மீன்ட வயித்தக் கீறிப் பாத்து 1984ல எழுதி வெச்சாங்க. ஒரு குளத்துல இலை தழை, இன்னொரு குளத்துல முழுக்க மாமிசம். ஒரே சாதி மீன்! சட்டியில இரிக்கிறதுதானே அகப்பையில வரும்?

அதுட குடல் உடம்ப விடப் பல மடங்கு நீளம். இரைப்பையில தேசிக்காய விடக் கடும் புளிப்பு, பாசியே கரைஞ்சி போகும். நீ ரெண்டு இடியப்பம் கூடத் திண்டா ஏப்பம், மறுகா குளிசை. காலையில ஓட்ஸாம், ராவைக்கி ஏதோ விதையாம். கலியாண வீட்டுல சஹனக் கண்டா அந்த லிஸ்ட் எங்க போவுது? தாய் மீனப் பாரு. முட்டைய வாயில வெச்சிப் பொரிக்கிற நாள்ல இரையத் தொடுறதே குறைவு. ஆரு சொல்லிக் குடுத்த டயட் அது?

குத்தமும் இரிக்கி. நாட்டு மீன்ட இரையில பங்கு கேக்கும். அதுக்கு மீனையா ஏசுற? கொண்டுவந்தது மனிசன். இப்ப நீங்க மட்டும்? கண்ணாடித் தொட்டிய நக்கித் துப்புரவாக்கும் எண்டு காசி குடுத்து ஒரு மீன் வாங்குறீங்க. முழ நீளம் வளந்தொடன ஆத்துல கொண்டு போய் விடுறீங்க. அங்க அது என்ன திங்கும் எண்டு ஆராச்சும் கேட்டீங்களா? அதுட தோலுக்குக் கத்தியே இறங்காது, ஆணம் எங்க காச்சுற?

வாடைக் காத்துல அறக்குளா விலை கேட்டா காது கொதிக்கும். கல்முனைச் சந்தைக்குப் போய் யப்பான் மீனே வாங்கு. வயித்துக்குள்ள கறுப்புச் சவ்வு இரிக்கும், அத உரிச்சிப் போடு. உப்பும் தேசிப்புளியும் போட்டு உரசிக் கழுவு. உம்மாட தலையில கட்டாம நீயே கழுவு. அதுக்கும் மேல சேறு மணந்தா, சட்டியோட எனக்கு அனுப்பு.