ஐப்பசி வந்தாச்சு, கேளுங்கள்!

கேள்வி (மன்னார்குடி வாசகர்): பக்கத்து வயல் சம்பா கரும்பச்சையாக நிற்கிறது. என் பயிர் இளம்பச்சை. “நாமும் ஒரு மூட்டை யூரியா போட்டால் என்ன?” என்று வீட்டில் நச்சரிக்கிறார்கள். போடட்டுமா?

பதில்: அந்தக் கரும்பச்சையை உங்கள் வீட்டாரைவிட ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பது புகையான் பூச்சி. தழைச்சத்து மிஞ்சினால் தண்டு மெத்தென்று சாறு கட்டி நிற்கும், தூர் நெருங்கிக் காற்று உள்ளே போகாது. புகையான் குடியேற இதைவிட வசதியான இடம் கிடையாது.

பக்கத்து வரப்பைப் பார்த்து உரம் போடாதீர்கள். வேளாண்மை அலுவலகத்தில் இலை வண்ண அட்டை கேட்டு வாங்குங்கள். நட்ட 14-வது நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்றுகொண்டு, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒட்டிப் பாருங்கள். பத்துச் செடியில் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையின் 3-ம் எண் பச்சை, மற்ற ரகங்களுக்கு 4-ம் எண் பச்சை என்பது அளவு. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் மூட்டை கொட்டகையிலேயே இருக்கட்டும். வெள்ளைப் பொன்னிக்காரர் மற்ற ரகத்தின் பச்சையைப் பார்த்து ஏங்கினால் நஷ்டம் அவருக்குத்தான். வெள்ளைப் பொன்னியின் நிறமே கொஞ்சம் வெளிர்.

இன்னொன்றும் செய்யுங்கள். வயலுக்குள் நாலு எட்டு இறங்கி, ஒரு குத்தைச் சாய்த்து அடித்தூரைக் கையால் தட்டுங்கள். தண்ணீர்மேல் என்ன விழுகிறது என்று குனிந்து பாருங்கள். வெளுத்த குஞ்சுகளும் பழுப்புப் பூச்சிகளும் விழுந்து, விழுந்த வேகத்தில் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி தண்டைப் பிடித்தால் அது புகையான். தூருக்கு ஒன்று இருந்தால் எச்சரிக்கை. சிலந்தி நடமாட்டம் இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம், மிச்சத்தைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். பூச்சி கூடினால் முதல் மருந்து மண்வெட்டி: மடையை வெட்டித் தண்ணீரை வடியுங்கள். பைரித்ராய்டு வகை மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். அது சிலந்தியைக் கொன்றுவிட்டுப் புகையானைப் பெருக வைக்கும். எந்த மருந்தானாலும் இலைமேல் தூவினால் வீண், அடித்தூரில் படவேண்டும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி வாசகர்): மூன்று நாளாக வயலில் தண்ணீர் நிற்கிறது. வடிந்ததும் உடனே உரம் போட்டால் பயிர் எழுந்துவிடுமா?

பதில்: பயிரின் நுனி தண்ணீருக்கு மேலே தெரிகிறதா? தெரிந்தால் பாதிக் கவலையை விடுங்கள். நெல் தன் இலை வழியே காற்றை வாங்கி வேருக்கு அனுப்பிக்கொள்ளும். முழுகிவிட்டால்தான் ஆபத்து. மூச்சுக்காகத் தண்டை நீட்டி நீட்டிச் சேமித்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்த அன்று நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடும்.

வடிந்த அன்றே உரம் போடாதீர்கள். வேர் மயக்கத்தில் இருக்கும்போது போடுகிற உரம் வாய்க்காலுக்குப் போகும். முதலில் முழுசாக வடியுங்கள். புது இலை பச்சைகட்டி வரும்வரை பொறுங்கள். பிறகு ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட் எடுத்து 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளியுங்கள். பயிர் தேறியதும் மேலுரமாக 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடுங்கள். புண்ணாக்கு கூட இருந்தால் யூரியா ஒரே நாளில் கரைந்து ஓடாது.

வருஷா வருஷம் முழுகுகிற தாழ்ந்த வயலா? அடுத்த சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப்-1 விதையைக் கேளுங்கள். ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லிலிருந்து எடுத்துச் சேர்த்த குணம் அதில் இருக்கிறது. முழுகியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு தெம்பைச் சேமிக்கும். சுமார் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும். வெள்ளத்தில் பதற்றப்படாத பயிர் அது. நம் விதை நெல்லில் இப்படி ஒன்று இருக்கிறதென்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகி): மேட்டூர் நிரம்பியிருக்கிறது. இந்த வருஷமும் பயிர்க் காப்பீடு தேவையா?

பதில்: மேட்டூர் 120 அடியைத் தொட்டால் வறட்சி பயம் போகும். வங்கக்கடலில் உருவாகிற புயலுக்கும் மேட்டூருக்கும் என்ன சம்பந்தம்? சம்பாவுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். கடைசி நாள் கூட்டத்தில் நிற்காமல் முன்னாலேயே போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கும்போதும், பணம் கட்டி ரசீது வாங்கும்போதும் சர்வே எண்ணையும் ஊர்ப் பெயரையும் அங்கேயே படித்துப் பாருங்கள். ஓர் எண் மாறினால் பணம் வேறு ஊர்க் கணக்குக்குப் போய்விடும்.

கேள்வி (பெரம்பலூர் வாசகர்): மக்காச்சோளக் குருத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. படைப்புழுதானா?

பதில்: குருத்தைப் பிரித்துப் பாருங்கள். ஈர மரத்தூள் மாதிரி எச்சமும், தலையில் கவிழ்த்துப் போட்ட ஆங்கில ஒய் அடையாளமும், வால்பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருந்தால் அதுவேதான். 2018-ல் இந்தியாவுக்குள் வந்தது, இன்னும் போகவில்லை. புழு சின்னதாக இருக்கும்போதே, விதைத்த 15, 20 நாளில், லிட்டருக்கு 0.4 கிராம் எமாமெக்டின் பென்சோயேட் கலந்து குருத்துக்குள் இறங்கும்படி காலையிலோ மாலையிலோ அடியுங்கள். பெருத்த புழுவுக்கு அடிக்கிற மருந்து கடைக்காரருக்குத்தான் லாபம்.

கேள்வி (காங்கேயம் வாசகர்): சோளத்தட்டு அறுத்த காட்டில் மழைக்குப் பிறகு அருமையாகத் துளிர்த்திருக்கிறது. மாட்டை அவிழ்த்து விடலாமா?

பதில்: விடாதீர்கள்! இளம் சோளத் துளிரில் சயனைடு விஷம் உண்டு. மறுதாம்புத் துளிரில் இன்னும் அதிகம். வயிறு புடைக்க மேய்ந்த மாடு சில நிமிஷத்திலேயே மூச்சுத் திணறி விழும். ஈறு ரத்தச் சிவப்பாக இருக்கும். உடனே கால்நடை அவசர உதவி எண் 1962-ஐக் கூப்பிடுங்கள். இதற்கு ஊசி உண்டு, ஆனால் நேரம் மிகக் குறைவு. பயிர் பாதி பூவெடுத்த பிறகு அறுத்துப் போட்டால் பயமில்லை. நன்றாகக் காயவைத்த தட்டும் சரி. அதுவரை அந்தக் காட்டுக்கு வேலி இருக்கட்டும், மாட்டுக்குக் கயிறு இருக்கட்டும்.

கேள்வி (அறந்தாங்கி வாசகி): மழை வந்தால் புல் செழிக்கிறது, என் ஆடுகள் மட்டும் மெலிகின்றன. ஒன்றுக்குத் தாடை வீங்கியிருக்கிறது. கண் பட்டிருக்குமோ?

பதில்: கண்ணில்தான் விடை இருக்கிறது, ஆட்டின் கண்ணில். ஆட்டைக் கால்களுக்கிடையில் அணைத்துக்கொண்டு, கட்டைவிரலால் கீழ் இமையை இறக்கி உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் சுகம். வெளிறிய ரோஜா நிறம் என்றால் கவனம். காகிதமாக வெளுத்திருந்தால் உள்ளே புழு ரத்தம் குடித்துக்கொண்டிருக்கிறது. தாடைக்கு அடியில் நீர் கோப்பதும் அதே ரத்தச்சோகையால்தான்.

அந்தப் புழு ஆட்டின் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை புழுக்கையோடு தரையில் விழுந்து, மழை ஈரத்தில் ஒரு வாரத்தில் குஞ்சாகி, பனித்துளி இருக்கிற நேரம் பார்த்துப் புல்நுனிக்கு ஏறும். விடிந்ததும் ஆட்டை ஓட்டிப் போனால் புல்லோடு புழுவையும் மேய விடுகிறீர்கள். வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு ஓட்டுங்கள். அதுவரை அகத்தி, வேம்பு என்று தழையை உயரக் கட்டிவிடுங்கள். ஆடு அண்ணாந்து தின்னவே பிறந்தது.

குடற்புழு மருந்தை ஆட்டின் எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவரிடம் கேட்டு ஊற்றுங்கள். ஒரு பாட்டிலைப் பட்டி முழுவதற்கும் பங்கு போட்டால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். வெளுத்த இமை உள்ள ஆட்டுக்கு முதலில் கொடுங்கள். மழைத்துளிரைத் திடீரென்று அதிகமாகத் தின்னும் கொழுத்த குட்டிகளைத் துள்ளுமாரி நோய் கொண்டுபோகும். அதற்கும் ஆட்டுக்கொல்லிக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று இந்த வாரமே கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். நோய் வந்தபின் ஊசியைத் தேடி ஓடிப் பயனில்லை.

கேள்வி (பட்டுக்கோட்டை வாசகர்): இடி இடித்தால் ஆட்டோடு மரத்தடியில் ஒதுங்கலாமா?

பதில்: கூடாது. நனைந்த சட்டை காய்ந்துவிடும். தனிமரம், கம்பி வேலி, மின்கம்பம் மூன்றையும் விட்டு விலகி, ஆடுகளைக் கும்பலாக நெருக்காமல் கொட்டகைக்குத் திருப்புங்கள். கைப்பேசியில் தாமினி என்ற இலவசச் செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் வருவதை முன்கூட்டிச் சொல்லும். உங்களுக்குப் போடத் தெரியாவிட்டால் பேத்தியிடம் கொடுங்கள், ஒரு நிமிஷ வேலை.

கேள்வி (ஒரத்தநாடு வாசகி): மழைக்காலம் வந்தாலே எங்கள் பசுவுக்கு மடி வீங்குகிறது. என்ன செய்வது?

பதில்: கறந்து முடித்த அரைமணி நேரத்துக்குக் காம்புத் துளை மூடாது. அந்த நேரத்தில் பசு சேற்றுத் தரையில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். கறந்தவுடன் பசுந்தீவனத்தை முன்னால் போடுங்கள், தின்கிற பசு படுக்காது. தரையில் சாம்பலோ மணலோ தூவி ஈரத்தை இழுங்கள். கறக்கும்முன் ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சைக் கருப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக விழுந்தால் வீக்கம் தெரியும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் காம்பைக் கடைசியாகத் தனியாகக் கறந்து, பாலைத் தொழுவத்துக்கு வெளியே தள்ளிக் கொட்டிவிடுங்கள்.